புட்டுக்குள் மணிக்கூடு

சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் இருந்த அந்தக் கைக்கடிகாரத் தொழிற்சாலை வாசலில், காவலர் தொப்பி வைத்த முதல் தமிழர் ஜெகதீஸ்வரன். சீருடைப் படத்தை ஊருக்கு அனுப்பியபோது பின்பக்கத்தில் ‘பாதுகாப்பு அதிகாரி’ என்று தானே எழுதிக்கொண்டார்.

மூன்று வாரமாகத் தங்கக் கடிகாரங்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் கள்ளன் பிடிபடாவிட்டால் வாசலுக்கு வேறு ஆள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

ஜெகதீஸ்வரனின் சந்தேகம் நேரே தயாபரன் மேல் விழுந்தது. தொழிற்சாலையில் இருந்த மற்றத் தமிழர் அவர் ஒருவர்தான். சொந்த ஆளைப் பிடித்துக் கொடுத்தால்தானே வெள்ளைக்காரருக்குத் தன் நேர்மை விளங்கும்!

நாலரை மணிக்கு வேலை முடிந்து எல்லோரும் வெளியேறினார்கள்.

“தயாபரன், இஞ்ச வாரும். பெட்டியைத் திறவும்.”

“நேற்றும் திறந்து பாத்தனீங்கள்தானே, அண்ணை? பின்னேரம் மற்ற வேலைக்குக் கொண்டுபோற புட்டு.”

“கதையாதையும். சட்டம் எல்லாருக்கும் ஒண்டு.”

பேனாவால் புட்டைக் கிளறினார். தேங்காய்ப்பூ. இன்னும் ஆழமாகக் கிளறினார். ஒரு பொரித்த மிளகாய்.

“மணிக்கூடு வந்தால் எனக்கும் ஒண்டு எடுத்துத் தாங்கோ அண்ணை. பஸ் போகப்போகுது!”

அப்போது மேற்பார்வையாளர் பூர்க்கி வந்தார். ஜெகதீஸ்வரன் பேனாவை அவசரத்தில் தலைகீழாகச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சல்யூட் அடித்தார். பெரிய மனிதர் சுமையோடு நடக்க, தான் சும்மா நிற்பது மரியாதையா? வழக்கம்போல அவருடைய தோற்பையை வாங்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்து, கதவையும் சாத்திவிட்டு வந்தார்.

“பிராவோ, ஹெர் ஜெகா!” என்று பாராட்டினார் பூர்க்கி.

அந்தப் பிராவோ தந்த உற்சாகத்தில் மறுபடி புட்டுக்குத் திரும்பினார். தயாபரனுக்கு பஸ் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். நிர்வாகம் வாசலில் ஒளித்து வைத்த கமெராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறதாம்.

ஜெகதீஸ்வரன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“தயாபரன்தானே? எனக்கு முதல் நாளே தெரியும்.”

“இல்லை, கள்ளன் பூர்க்கிதான். அவரைக் காலையில் வீட்டில் வைத்துப் பிடித்துவிட்டோம். வாசலைத் தாண்டிக் கடத்திக் கொடுத்த கூட்டாளியைத்தான் தேடுகிறோம்” என்றபடி வீடியோவை ஓடவிட்டார் ஒருவர்.

தோற்பையைச் சுமந்துகொண்டு திரையில் விறைப்பாக நடந்து போனவரின் சட்டைப்பையில் ஒரு பேனா இருந்தது. அதன் நுனியில் கொஞ்சம் தேங்காய்ப்பூவும்.