தள்ளிப்போட்ட ஆப்பரேஷன்

"மூணு மாசம் தள்ளிப்போட இது என்ன கந்தூரி விருந்தா, டாக்டர்?"

முகமது இப்ராஹிமின் குரல் ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடம் முழுக்கக் கேட்டது. கொரோனா காலம். நோயாளியைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடுவதில்லை. மார்பில் கட்டியோடு தனியாக டாக்டரைப் பார்க்கப் போன அவர் மனைவி சாலிஹா திரும்பி வந்து, "ஆப்பரேஷன மூணு மாசம் தள்ளி வச்சுட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். காரில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் காவலாளியிடம் போட்ட சத்தத்தில் டாக்டர் தர்சிகாவே வெளியே வரவேண்டியதாயிற்று.

காலையிலிருந்து போட்டிருந்த முகக்கவசம் அவள் காதுமடலை அறுத்திருந்தது.

"அண்ணே, இப்ப கைட்லைன் அப்படி. ஆப்பரேஷன் அறை ஆளுங்க பாதிப் பேரு கொரோனா வார்டுல நிக்கிறாங்க. பொறுக்கக்கூடிய கேஸுக்கு மாத்திரை கொடுத்துப் பொறுக்கச் சொல்றோம்."

"எம் பொண்டாட்டி பொறுக்கக்கூடிய கேஸா? இந்தாங்க, கோலாலம்பூர்லேர்ந்து மவன் அனுப்பியிருக்கான், பாருங்க." கைப்பேசியை நீட்டினார். "உங்க கைட்லைனேதான்! கட்டி பெருசா இருந்தா தள்ளிப்போடாதன்னு போட்டிருக்காம் லா!"

தர்சிகா எட்டிப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான்.

"ஒவ்வொருத்தரையும் பார்த்துத்தாண்ணே முடிவு பண்றோம்."

"ஆமா, பார்ப்பீங்க! டத்தோ பட்டம் வாங்குன பெரிய மனுஷன் வீட்டம்மான்னா இன்னைக்கே கத்தியத் தூக்கியிருப்பீங்க. ஜெலாப்பாங் கடைத்தெருவுல ரொட்டி சானாய் வீசுறவன் பொண்டாட்டிதானே!"

அவள் முகக்கவசத்தின் நாடாவைச் சரிசெய்துகொண்டாள்.

"உங்க அம்மாவா இருந்தா பொறுப்பீங்களா?"

"மாட்டேண்ணே."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

"அப்புறம் எதுக்குப் படிச்சீங்க? மனசாட்சி இல்ல?"

"திட்டணும்னா என்னத் திட்டுங்க. அக்காகிட்ட சத்தம் போடாதீங்க. மாத்திரைய மட்டும் விடாம போடச் சொல்லுங்க."

"உங்க பேரு என்னா? மேல சொல்லாம விடமாட்டேன்."

"தர்சிகா விஸ்வலிங்கம்."

அவர் கதவை அறைந்து சாத்திக் காரைக் கிளப்பினார். அவருடைய ரொட்டிக் கடையில் பொட்டலம் வாங்க ஆட்கள் வரும் நேரம். சாலிஹா கண்ணைத் திறக்கவே இல்லை.

வாசலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தாதி தினேஸ்வரி பொறுக்கமாட்டாமல் கிட்டே வந்தாள்.

"என்ன டாக்டர் இது? அவரு காட்டுனபடிதானே நாமளும் செய்றோம்? பெரிய கட்டி ஒண்ணுகூட நாம தள்ளிப்போடலையே! ஏன் இவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டீங்க?"

தர்சிகா சுவரில் சாய்ந்தாள்.

"இதையும் தள்ளிப்போடல, தினேஸ். ஈரல் வரைக்கும் பரவிடுச்சு. இனி கத்தி வச்சுப் பிரயோசனமில்ல. அந்த அக்காதான் கையெடுத்துக் கும்பிடாத குறையாக் கேட்டாங்க: 'தெரிஞ்சா அவரு படுத்துருவாரு, டாக்டர், ஆத்திரம் இருந்தா எந்திரிச்சுக் கடையத் தொறப்பாரு. கொஞ்ச நாளைக்கு அவரு உங்க மேல கோவமாவே இருக்கட்டும்.'"