பேர் வரட்டும்

"இன்னும் பேர் தெரியலைம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், டீயை ஊதிக்கொண்டே.

காலையிலிருந்து இதே பல்லவி. டி.வி. நிருபருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"குண்டு வெச்சவன் இதே ஆஸ்பத்திரி மாடியிலதான் காயத்தோட படுத்திருக்கான். அவன் அடையாள அட்டையை எடுத்து நீங்க பாக்கெட்ல வெச்சதை நர்ஸே பார்த்திருக்காங்க. பேர் மட்டும் தெரியலையா சார்?"

"விசாரிச்சிட்டுத்தான் இருக்கோம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை மனிதர் எவ்வளவு நிதானமாகச் செய்கிறார்!

பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்துக் கடைத் தையல்காரருக்கு இரண்டு கண்ணிலும் கண்ணாடிச் சில்லு. இந்த ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு ஆபரேஷன் செய்ய ஆள் இல்லை. அவரை அசைக்கவும் கூடாதாம். பொழுது சாய்வதற்குள் செய்தால்தான் பார்வை.

தலைநகரத்துக் கண் டாக்டரை அமைச்சரே தன் ஹெலிகாப்டரில் கூட்டி வருகிறார் என்று தகவல் வந்ததிலிருந்து, தையல்காரரின் மனைவி ஆபரேஷன் அறை வாசலை விட்டு நகரவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது கணவர் போட்டுக்கொள்ளும் மூக்குக்கண்ணாடியை முந்தானையால் துடைத்தபடியே இருந்தார்.

நிருபரின் போன் அடித்தது. ஆபீசிலிருந்து செய்தி ஆசிரியர்.

"பேர் என்னம்மா ஆச்சு?"

"தெரியலை சார். மூணு பேர் செத்திருக்காங்க, ஒருத்தருக்குக் கண்ணு போற மாதிரி இருக்கு. அதைச் சொல்லட்டுமா?"

"அதெல்லாம் அப்புறம். பேர் வராம எப்படிம்மா தலைப்புப் போடறது? அவங்க ஆளுன்னா பயங்கரவாதம். நம்ம ஆளுன்னா மன உளைச்சல். ரெண்டுமே ரெடியா இருக்கு, பேர் வரட்டும். அவங்க தெருவுக்கு ரெண்டு போலீஸ் வேன் போயிருக்காமே?"

"போயிருக்கு சார்."

"அப்போ சந்தேகமே இல்லை. சிவப்புத் தலைப்புப் பட்டையை எடுத்து வைக்கச் சொல்றேன்."

நிருபருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. அவங்க ஆள் என்றால் இந்நேரம் இன்ஸ்பெக்டர் மைக் வைத்துக் கத்தியிருப்பாரே! நேராகவே கேட்டுவிட்டார்.

"நம்ம ஆளுன்னுதானே சார் மூடி மறைக்கிறீங்க?"

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வரவில்லை. "டீ சாப்பிடறியாம்மா?" என்றார்.

எவ்வளவு தடித்த தோல், என்று நினைத்துக்கொண்டார் நிருபர்.

ஒருவழியாக மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. அமைச்சர் வந்தார். கேமராக்கள் முட்டி மோதின. தையல்காரரின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அமைச்சர் குரல் தழுதழுக்கப் பேசினார்.

"பயங்கரவாதத்தை வேரோடு அறுப்போம்! இந்தச் சகோதரரின் கண்ணுக்கு நான் பொறுப்பு!"

கூட வந்த கண் டாக்டர் எந்தக் கேமராவையும் பார்க்கவில்லை. "எங்கே அவர்?" என்று கேட்டுவிட்டு நேரே உள்ளே போனார்.

அமைச்சரின் உதவியாளர் இன்ஸ்பெக்டர் காதருகே குனிந்தார். "அவங்கதானே?"

"உறுதியானதும் சொல்றேன் சார்."

ஆபரேஷன் அறைக் கதவு மூடியது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

இன்ஸ்பெக்டர் டீக் கப்பை ஜன்னலில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார்.

"எல்லாரும் வாங்க. பேர் உறுதியாயிடுச்சு."

வாசித்தார். நம்ம ஆட்கள் வீட்டுக்கு வீடு வைக்கிற பேர். அமைச்சரின் சொந்தத்திலேயே நாலைந்து பேருக்கு இருக்கும்.

நீட்டிய மைக்குகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. அமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏதோ குடும்பக் கஷ்டம் போலிருக்கு. மனசொடிஞ்ச பையன். இதைப் பெரிசு பண்ணாதீங்க."

சொல்லிக்கொண்டே நடையைக் கட்டினார். "டாக்டர் உள்ள இருக்காரே சார்?" என்று உதவியாளர் கிசுகிசுத்தார். அமைச்சர் சிவப்பு விளக்கைப் பார்த்தார், கேமராக்களைப் பார்த்தார், டாக்டர் இல்லாமலே கிளம்பிப் போனார்.

ஆபீசிலிருந்து மறுபடி போன். "பட்டையை மாத்தியாச்சும்மா. பையன் ஸ்கூல்ல பரிசு வாங்கின போட்டோ எதாவது கிடைக்குமா, பாரு."

நிருபர் போனை வைத்தார். இன்ஸ்பெக்டரிடம் வந்தார்.

"உங்களுக்கு எப்போ சார் தெரியும்?"

"காலையிலயே."

"அப்போ அவங்க தெருவுக்குப் போன வேன்?"

"பேர் வர்றதுக்குள்ள யாராவது அங்க போய்க் கல்லெறிஞ்சுட்டா? காவலுக்கு அனுப்பினேன்."

"கடைசியில சொல்லத்தானே போறீங்க? காலையிலயே சொல்லியிருக்கலாமே!"

இன்ஸ்பெக்டர் ஆபரேஷன் அறை வாசலைப் பார்த்தார். தையல்காரரின் மனைவி இன்னும் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் பக்கத்து மாவட்டத்துல இதே மாதிரி ஒரு குண்டு. வெச்சதும் நம்ம ஆள்தான். அங்கே பேரை உடனே சொல்லிட்டாங்க. கிளம்பின அமைச்சர் ஹெலிகாப்டர் பாதி வழியிலயே திரும்பிடுச்சு."

ஜன்னலில் இருந்த காலிக் கப்பை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"டாக்டரும் அதுலதாம்மா இருந்தார்."