பைலட் சீட் என்ன கலர்?

"இந்த சீட் பச்சைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

கண்ணாடிக்கடைக்காரர் பூதக்கண்ணாடியை அந்தக் குட்டி விமானத்து மேல பிடிச்சுக்கிட்டே கேட்டாரு. மாடல் செய்யறவங்க சங்கத்துக்கு அவர்தான் நடுவர். ஊருக்கெல்லாம் பார்வை சரி பண்றவராச்சே, ஒரு ஆணி தள்ளி இருந்தாக்கூடக் கண்ணுல மாட்டிடும். போன தடவை ஒருத்தர் ஆசை ஆசையாக் கப்பல் செஞ்சு கொண்டாந்தாரு. பாய்ல காத்து ஒரு பக்கம் அடிக்குது, உங்க கொடி இன்னொரு பக்கம் பறக்குதேன்னு கேட்டுட்டாரு. பாவம், அந்த மனுஷன் இப்ப கப்பலையே விட்டுட்டு மீன் தொட்டி வச்சிருக்காராம். அது கிடக்கட்டும்.

இந்த வாட்டி மாட்டினது பல் டாக்டரம்மா. பழைய போர்ல குண்டு போட்ட விமானம், முழங்கை நீளத்துக்குச் செஞ்சிருந்தாங்க. உள்ள இருக்கற சுவிட்ச், கைப்பிடி எல்லாம் பல்லு சுரண்டற கம்பியாலயே செதுக்கினது. கிளினிக்ல ஆள் இல்லாத நேரமெல்லாம் இதுலதான் போச்சு. மொதப் பரிசு கிடைச்சாத்தான் பெரிய கண்காட்சிக்கு அனுப்புவாங்க. அந்த ஒரு ஆசையிலதான் நின்னுக்கிட்டிருந்தாங்க.

"கருப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு இருக்கு சார். இந்த விமானத்தை ஓட்டினவரோட பொண்ணு என் பேஷண்ட். அவங்க வீட்டு ஆல்பத்துல இருந்துச்சு. சீட் மேல கருப்புக் கையுறை கிடக்கு பாருங்க. சீட்டும் கருப்பா இருந்தா, கையுறை இப்படித் தனியாத் தெரியுமா? உள்ள மத்ததெல்லாம் பச்சை, அதனால சீட்டுக்கும் பச்சை அடிச்சேன்."

"வெயில்ல எடுத்தா எதுவும் வெளுப்பாத்தான் தெரியும். மியூசியத்துல நிஜ விமானமே நிக்குது, அதுல சீட் கருப்பு. ஆல்பம் பெருசா, விமானம் பெருசா?"

"மியூசியத்துக்காரங்களும் அப்புறமா பெயிண்ட் அடிச்சவங்கதானே சார்?"

மத்தவங்க வாயில பஞ்சை வச்சு அடைக்கிற டாக்டரம்மாதான். இவர் வாயில எதை வைக்கிறது?

"நாளைக்கு அங்கயே போறேன். உள்ள ஏறிப் படம் எடுத்துட்டு வந்து சாயங்காலம் முடிவு சொல்றேன். கருப்பா இருந்துச்சுன்னா, உங்க விமானம் போட்டியிலயே கிடையாது."

மறுநாள் மனைவியையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பினாரு. அந்தம்மாவுக்கு விமானமும் ஒண்ணுதான், வெண்டைக்காயும் ஒண்ணுதான். மியூசியத்துப் பக்கத்துலதான் தங்கச்சி வீடு, அதுக்காக வந்தாங்க. தங்கச்சி வீடு பூட்டிக் கிடந்துச்சு. சொல்லாமப் போனா அப்படித்தான்.

மியூசியத்து மெக்கானிக் நல்ல மாதிரி. ஏணி போட்டு, தொந்தியைத் தள்ளி உள்ள ஏத்தி விட்டாரு. சீட் கரி மாதிரி கருப்பு. நம்மவர் படமா எடுத்துத் தள்ளிட்டு எறங்கி வந்தாரு, ஜெயிச்ச முகத்தோட.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?"

அந்தம்மா சும்மா இருந்திருக்கலாம். பொழுது போகணுமே.

"ஏன் தம்பி, இது வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சா?"

"எங்கம்மா! வந்தப்ப உள்ள புறாக் கூடுதான் இருந்துச்சு, சீட்டே இல்ல. போட்டோ தேடி அலையாத இடமில்ல. கடைசியில ஒரு பழைய பத்திரிகையில, பரிசு வாங்கின மாடல் ஒண்ணு மாட்டுச்சு. இவ்வளவு நுணுக்கமா செஞ்சவரு விசாரிக்காமயா செஞ்சிருப்பாருன்னு அப்படியே பாத்து அடிச்சுட்டோம். அதோ, செவுத்துல ஒட்டியிருக்கேன்."

அந்தம்மா கிட்டப் போயி உத்துப் பாத்தாங்க.

"ஏங்க, படத்துல பின்னாடி தெரியறது நம்ம வீட்டு ஜன்னல் திரைதானே? பிச்சுப்போட்டு நான் தலகாணி உறை தச்சேனே... அட, விமானமும் நம்முளுது!"

மெக்கானிக் ஓடி வந்து அவர் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "நீங்களா சார் அது? உங்களைத் தேடாத நாளில்ல. நீங்க மட்டும் இல்லேன்னா நாங்க என்ன கலர் அடிச்சிருப்போமோ!"

சுடுபாத்திரத்துல இருந்து உருவுற மாதிரி கையை உருவிக்கிட்டு வெளிய வந்துட்டாரு.

பஸ்ல அந்தம்மா மெதுவாக் கேட்டாங்க. "அப்ப நீங்க எதைப் பாத்துக் கருப்பு அடிச்சீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

"சரி விடுங்க. சங்கத்துல யாரு கேட்டாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். எனக்கென்ன விமானம் தெரியும்?"

அவர் கைல போன், போன்ல கருப்பு சீட். காமிச்சா எல்லாரும் கை தட்டுவாங்க. டாக்டரம்மா தன் விமானத்தைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. அவ்வளவுதான் வேலை.

சாயங்காலம் ஹால் நிறைஞ்சிருந்துச்சு. டாக்டரம்மா எதுக்கும் இருக்கட்டும்னு அட்டைப்பெட்டியைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு நின்னாங்க. கண்ணாடிக்கடைக்காரர் நேரா வந்தாரு. மொதப் பரிசு அட்டையை அவங்க விமானத்துக்கு முன்னாடி வச்சாரு.

சங்கச் செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"என்ன சார், அப்ப மியூசியத்துல சீட் பச்சையா?"

"கருப்பு."

"அப்புறம் எப்படி?"

"அவங்க என்னோட மாடலைப் பாத்து அடிச்சிருக்காங்க."

"இன்னும் நல்லதாப் போச்சே. நீங்க எதையும் பாக்காமயா அடிச்சிருப்பீங்க?"

கண்ணாடியைக் கழட்டிச் சட்டை நுனியில தொடைச்சுக்கிட்டே, டாக்டரம்மாவைப் பாத்துச் சொன்னாரு.

"அன்னிக்குப் பச்சை பெயிண்ட் காஞ்சு போச்சும்மா. ஞாயித்துக்கிழமை, கடையும் லீவு. வீட்டுல கருப்புதான் மிச்சம் இருந்துச்சு."