குதிரைக்குப் பதில் பாட்டு

எங்கள் இசைக்குழு வெளியிட்ட புத்தாண்டுப் பாட்டை அன்று காலையிலிருந்து வேல்ஸ் நாடே முணுமுணுத்தது. இசைத்தட்டின் உறையில் "எழுதியவர்: இயோலோ" என்று பாட்டின் பெயரைவிடப் பெரிய எழுத்து. ட்ரம்ஸ் வாசிக்கும் என் பேரைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

சாயங்காலம் இயோலோ வீட்டில் விருந்து. "வார்த்தை எனக்குத் தானா ஊறும்டா," என்று அவன் அளந்துகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

புத்தாண்டுக்கு வருஷா வருஷம் வீடு வீடாக வரும் வேஷக் குதிரைதான். கம்பில் செருகிய குதிரை மண்டை ஓடு, வெள்ளைத் துணிக்குள் ஓர் ஆள், பின்னால் தெருவே நின்றது. குதிரை பாட்டாலேயே வம்புக்கு இழுக்கும். வீட்டுக்காரர் அந்த நிமிஷமே பாட்டுக் கட்டிப் பதில் சொல்ல வேண்டும். முடியாதவர் கதவைத் திறந்து பீர் ஊற்ற வேண்டும்.

"ஊருக்கே பாட்டுத்தந்த உத்தமரே வாரும்!
உள்ளிருந்தே ரெண்டுவரி பாடித்தான் பாரும்!" என்று கரகரத்தது குதிரை.

"மகாகவி வாசல்லயே வாலாட்டுது பாரு! ரெண்டே வரியில துரத்து மாப்ள," என்றேன்.

இயோலோ சமையலறைக்கு ஓடினான். மாடிக்கு ஓடினான். "நெஸ்ட் எங்கடா?"

"பாட்டுக்குப் பொண்டாட்டி எதுக்குடா?"

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னா. போனையும் எடுக்க மாட்டேங்கறா!"

குதிரை மூன்று பாட்டுப் பாடியது. மூன்றுக்கும் மகாகவியிடமிருந்து இருமல்தான் வந்தது. கடைசியில் கதவைத் திறந்தான்.

குதிரை உள்ளே வந்து துணியை விலக்கியது. நெஸ்ட்!

"என்ன, பதில் எழுதிக் குடுக்க ஆளு கிடைக்கலையா? அவ வெளிய குளிர்ல நின்னுட்டிருந்தா," என்றவள், இசைத்தட்டின் உறையையும் ஒரு பேனாவையும் அவனிடம் நீட்டினாள்.

"பாட்டுத்தான் எழுத வராது. என் பேரையாவது எழுதுவியா?"