பா கிட்போக்கின் ஈயவேலை

எலெக்ட்ரிக் கிடார் மின்சாரத்தில் இயங்குகிறது என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் மேலே எழுத மனம் ஒப்பவில்லை. மின்சாரம் வேண்டியது ஒலிபெருக்கிக்கு. கிடார் யாரிடமும் கையேந்துவதில்லை. கம்பி அதிர்ந்தால், அடியில் இருக்கும் பிக்கப் என்கிற காந்தச்சுருளில் சொற்ப மின்சாரம் தானாகவே பிறக்கும். ஆகையால், தனியாக இருக்கும் கிடாரின் முதுகுத் தகட்டைத் திறப்பவருக்கு ஷாக் அடிக்க வழியே இல்லை.

ரிடாஹுனுக்கு அடித்தது.

கிடாரைக் கவிழ்த்துப் பிடித்தபடி அவள் பா கிட்போக்கின் கிடார் ரிப்பேர் கடைக்குள் நுழைந்தபோது அவர் டீ வாங்கப் போயிருந்தார். காஸி மொழியில் 'பா' என்றால் அண்ணன். ஷில்லாங்கில் எத்தனையோ அண்ணன்கள் இருந்தாலும், கிடாருக்குள் ஈயம் பற்றவைப்பதில் முப்பது வருஷமாக அந்த ஒரு அண்ணன்தான்.

கடையில் கம்பி வாங்க வந்த நானும், முக்காலியில் தன் கிடாருடன் பா ஸ்டெர்லிங்கும் இருந்தோம். ஸ்டெர்லிங் கல்யாணங்களில் வாசிப்பவர். மற்ற நேரமெல்லாம் கிட்போக்கின் ஈயத்தைப் பற்றிப் பேசுபவர். "அவர் வச்ச ஈயத்துக்குக் காத்து படக்கூடாது. தகட்டைத் திறந்தா ஒலி செத்துடும்" என்று கிடார் வாங்கிப்போக வரும் ஒவ்வொருவரிடமும் சொல்வார். விஞ்ஞானத்தில் இதற்கு இடமில்லை என்று நான் ஒருமுறை சொன்னேன். "உங்க விஞ்ஞானம் கிடார் வாசிக்குமா?" என்றார்.

ரிடாஹுன் கிடாரை மேஜைமேல் வைத்தாள். "இதைப் பாருங்க பா."

ஸ்டெர்லிங் முகம் மாறியது. "தகட்டைத் திறந்தியா?"

"திறந்தேன். புது பிக்கப் மாட்டிக் குடுத்தாரே, எவ்வளவு அழகா பத்தவச்சிருக்கார்னு பாக்க ஆசைப்பட்டேன். ஈயம் எங்க இருக்கு? கொஞ்சம் காட்டுங்க."

எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்னப் பச்சை அட்டை. அதில் வரிசையாகத் திருகாணிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஒயரின் நுனியைச் செருகி முறுக்கியிருந்தது, வீட்டு ஸ்விட்ச் போர்டில் செய்வதுபோல. ஈயம் ஒரு பொட்டுகூட இல்லை.

"ஸ்க்ரூட்ரைவர் இருந்தா என் தம்பியே இதை மாட்டியிருப்பான்" என்றாள். "கையால ஈயம் வைக்கிறவர்னுதானே இவர்கிட்ட வந்தேன்."

"சத்தம் நல்லா இல்லையா?" என்றார் ஸ்டெர்லிங்.

"சத்தம் பிரமாதமா இருக்கு. அதுவா இப்ப பேச்சு? ஏமாத்தியிருக்கார் பா."

"அவர் வரட்டும். கேட்டுக்கலாம்."

"இன்னும் என்ன கேக்கறது?" போனை எடுத்தாள். ஊரிலுள்ள கிடார்க்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. முன்னூறு பேர். திறந்த முதுகைப் படமெடுத்தாள். 'பா கிட்போக் செஞ்ச வேலை. எல்லாரும் பாத்துக்கோங்க' என்று எழுதி அனுப்பினாள்.

ஸ்டெர்லிங்கின் வாயில் பாக்கு அரைபடுவது நின்றது. "அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

அவர் தன் கிடாரை மடியில் கவிழ்த்தார். தகட்டைக் கழற்றினார்.

அதே பச்சை அட்டை. அதே திருகாணிகள்.

ரிடாஹுன் அதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "உங்களையுமா? எப்பத் தெரியும்?"

"மாட்டின அன்னிக்கே தெரியும். ரெண்டு வருஷம் ஆச்சு."

"தெரிஞ்சுகிட்டேவா ஈயம் ஈயம்னு ஊர் பூரா அளந்தீங்க?"

"திறக்காதேன்னும் சொன்னேன். நீதான் கேக்கலை."

அவளுக்கு விளங்கவில்லை. ஸ்டெர்லிங் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கையால இனிமே ஈயம் வைக்க முடியாது, ரிடா. நடுக்கம். என் பிக்கப் ஒண்ணைக் கருக்கிட்டார். மறுநாளே புதுசு வாங்கிப் போட்டார், காரணம் சொல்லலை. அதுக்கப்புறம்தான் இந்த அட்டை. திருகாணின்னா ஒரு கையை இன்னொரு கையால பிடிச்சுக்கலாம் பாரு. தினம் காலையில ஒரு துண்டு ஈயத்தைப் பலகைமேல உருக்கறார். கடையில வாசனை வரணுமே."

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே."

"சொன்னா, பாவம்னு குடுப்பே. பாவம்னு வர்ற கிடாரை அவர் தொடமாட்டார்."

ரிடாஹுன் படத்தை அழிக்க அவசரமாகப் போனைத் திறந்தாள். அதற்குள் ஒரு பதில் வந்துவிட்டது. நோங்தைம்மாய் வட்டாரத்தில் பேஸ் கிடார் வாசிக்கும் ஒருவர்.

'அடடா, என்ன ஈயவேலை!'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். போன் மறுபடி அதிர்ந்தது.

'இந்தப் பளபளப்பை வேற யாரால வைக்க முடியும்?'

மறுபடி. 'அவர் கை அப்படியே இருக்கு.'

மறுபடி. 'சீக்கிரம் மூடு பொண்ணே, ஈயத்துக்குக் காத்து படுது.'

அவள் போனை ஸ்டெர்லிங்கிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு தகடுகளும் அவசரமாக மூடப்பட்டன. கிட்போக் கம்பிக்கூடையில் டீயுடன் வந்தார். கிளாஸ்களில் பாதிப் பாதிதான் டீ இருந்தது.

"என்ன ரிடா, கிடார்ல ஏதாவது தொந்தரவா?"

"இல்ல பா. அப்பாவோட கிடாரையும் உங்ககிட்ட குடுக்கலாமான்னு கேக்க வந்தேன்."

"கொண்டா. ஆனா வியாழக்கிழமைதான் கிடைக்கும். ஈயவேலை, அவசரப்படுத்தக்கூடாது."

மாலைக்குள் அந்தப் படத்தின் கீழே நாற்பத்தோரு பேர் ஈயத்தைப் புகழ்ந்திருந்தார்கள்.