மண்டியிட்ட பலகை

துறைமுக அருங்காட்சியகத்தில் மூன்று பொருட்கள் ஒரே அறையில் இருந்தன: கடல்வழி கண்டு வந்து இந்தக் கரையைப் பிடித்த தளபதியின் வாள், அவர் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய மண்டியிட்ட பலகை, பாதி கருகிய ஒரு துடுப்பு. வெளியே, தளபதியின் சிலையை எடுப்பதா வேண்டாமா என்று ஊரே கத்திக்கொண்டிருந்தது.

“எடுத்தால் நம்மையும் குடோனில் போட்டுவிடுவார்கள்,” என்றது வாள்.

“அவரைப் போலப் பக்திமான் உண்டா?” என்றது பலகை. “ஒரு சனிக்கிழமை தவறமாட்டார். அவர் முழங்கால் பட்டே எனக்குக் குழி விழுந்துவிட்டது, பாருங்கள்.”

“அவ்வளவு நேரம் என்ன சொல்வார்?” என்று கேட்டது துடுப்பு.

“அதை வெளியே சொல்லக் கூடாது.”

“மீனவர் குப்பத்துப் படகுகளைக் கொளுத்தியதைத்தான் சொல்லியிருப்பார்,” என்றது வாள். “என்னை மாதா கோயில் வாசலில் சாத்திவிட்டுத்தான் உள்ளே போவார். மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் மறுபடி எடுத்துக்கொள்வார்.”

“ஆனால் அழுவார்,” என்றது பலகை. “கடவுளிடம் அழுதழுது மன்னிப்புக் கேட்பார்.”



“எங்கள் குப்பம் அந்தக் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது,” என்றது துடுப்பு.