அவிழ்த்த முடிச்சு

இன்டர்வியூவுக்காக மகன் கட்டியிருந்த டையை அப்பா அவிழ்த்தார்.

"தபால் கொடுக்கிற உங்களுக்கு பேப்பர் மில்லைப் பத்தி என்னப்பா தெரியும்?"

"ரெண்டு உருளை எதிரெதிரா சுத்தும். நுனி மாட்டினா துணியை இழுக்கும், கூடவே ஆளையும் இழுக்கும்." உள்ளங்கைகளை எதிரெதிரே உருட்டிக் காட்டினார்.

மில் மேனேஜர் இன்டர்வியூவுக்கு வந்த எல்லோரையும் உருளைக்கு அருகே அழைத்துப்போனார். டையோடு நெருங்கியவர்களை அங்கிருந்தே திருப்பி அனுப்பினார். வேலை இவனுக்குக் கிடைத்தது.

வீட்டுக்கு ஓடிவந்தான். "அம்மா, அப்பா சொன்னது அப்படியே நடந்துச்சு! அவருக்கு எப்படித் தெரியும்?"

அவன் பிறக்கும் முன்பே இறந்துபோன அண்ணனின் படத்தை அம்மா துடைத்தாள்.

"இவன் மில்லுக்கு வேலைக்குப் போன முதல் நாள், ஆசை ஆசையா டை கட்டிவிட்டது அவர்தான்டா."